பெரியையாவின் காதும் ஆறு பெட்டிகளும்: எங்கள் காட்டைக் கேட்க எந்த வழி?

காலபோக விதைப்புக்கு முதல் எங்கள் கமக்காரர் அமைப்பு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோடு ஒட்டிய வயல் எங்களுடையது. காட்டு விலங்குகளின் நடமாட்டத்தைச் சத்தம் வைத்துக் கவனிப்பதற்கென்று ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கிறது. அந்தக் காசுக்கு ஆறு ஒலிப்பதிவுப் பெட்டிகள் வாங்கலாம். இல்லாவிட்டால் நாலு மாதத்துக்கு இரண்டு பேரை இரவுக் காவலுக்கு வைத்துக் கூலி கொடுக்கலாம். மூன்றாவதாக, பெட்டியைக் குறைத்து, காடு தெரிந்தவர்களைக் கொண்டு கணினிக்கு எங்கள் காட்டின் சத்தங்களைப் பழக்கலாம். மூன்று பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எந்தப் பக்கம், ஏன் என்பதைக் கூட்டத்துக்கு முன்னமே எழுதி வைக்கிறேன். காட்டோரத்தில் இருக்கிற மற்ற ஊர்களுக்கும் இது பயன்படலாம்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ‘பூர்வகுடி அறிவு’, ‘மரபுச் சூழலறிவு’ என்று பேசுவதை எங்கள் ஊரில் யாரும் அந்தப் பேரில் சொல்வதில்லை. “அவர் காடு தெரிஞ்ச ஆள்” என்பார்கள், அவ்வளவுதான். பாலைப்பழக் காலத்தில் கரடி எந்தப் பக்கம் நிற்கும், மரை எப்போது தண்ணிக்கு இறங்கும், எந்தச் சத்தத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும், எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும் என்று தெரிந்தவர். தேனுக்கும் விறகுக்கும் மாட்டுக்கும் பின்னால் காட்டுக்குள் நடந்து நடந்து வந்த அறிவு அது. எழுத்தில் எங்கேயும் இல்லை.

முதலில் பெட்டி. வாங்கலாம் என்று சொல்கிறவர்கள் காட்டுவது ஓடியோமொத் என்ற கருவி. உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்று பென்ரோச் பற்றரியில் ஓடும். மெமரி கார்ட் போட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று சொல்லி மரத்தில் கட்டிவிட்டால் தன்பாட்டில் பதிந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் செய்தது. பதிந்ததைப் பிரித்தறிய பேர்ட்நெட் என்ற மென்பொருள். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வுகூடமும் ஜேர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. ஒலியை 3 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் படமாக மாற்றி, இது எந்தப் பறவையாக இருக்கலாம் என்று ஒரு மதிப்பெண்ணோடு சொல்லும். தொடக்கத்தில் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த 984 பறவைகளைத்தான் அதற்குத் தெரியும். இப்போது 6000க்கு மேற்பட்ட இனங்கள். இன்ரநெற் இல்லாத இடத்தில் மடிக்கணினியிலேயே ஓடும், காசும் இல்லை.

இதில் பெரிய பலன் ஒன்று இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெட்டி தூங்காது. பயப்படாது. யானை மிதித்தால் பெட்டிதான் போகும், ஒரு வீட்டுக்கு அப்பா போக மாட்டார். 2019ஆம் ஆண்டு மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்தார்கள். இரவில் ரோச்சோடு வரம்பில் நிற்பது என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஒரு மனிதனை அந்த இடத்திலிருந்து எடுக்க முடியுமென்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஆறு பெட்டியும் ஒரு மென்பொருளும் மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தாண்டிப் போகிறார்கள். முதலாவது, அந்த மென்பொருள் பெரும்பாலும் பறவைகளுக்கானது. எங்களுக்கு இரவில் தேவைப்படுவது யானை கொப்பு முறிக்கும் சத்தம், மரை எச்சரித்துக் கத்துவது, பன்றி கூட்டமாக வரம்பு கிண்டுவது. இவற்றை அதனிடம் கேட்டால், தெரிந்த பறவை ஒன்றின் பேரைச் சின்ன மதிப்பெண்ணோடு தரும், இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடும். பறவைகளிலும் சிக்கல் இருக்கிறது. உலகத்தில் சேர்ந்திருக்கும் பறவை ஒலிப்பதிவுகளில் மிகப் பெரும் பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் பதிந்தவை. எங்கள் காட்டுக்கோழி இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை.

இரண்டாவது, பெட்டியை எங்கே கட்டுவது என்று பெட்டிக்குத் தெரியாது. இதை நான் பட்டறிந்தேன். போன மாரியில் இரவலாக வந்த ஒரு பெட்டியைக் குளக்கட்டுக்குக் கிட்ட ஒரு மருதில் கட்டினேன். தண்ணிக்கு எல்லாம் வரும்தானே என்று நினைத்தேன். எட்டு நாள் கழித்து எடுத்துக் கேட்டால் தவளை. பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரைக்கும் தவளை. இடையிடையே மழை, இலையில் விழும் ஒவ்வொரு துளியும் மைக்கில் விழுந்தது போல. என் பெரியையாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “குளத்துக்குப் பக்கத்தில வைச்சா குளம்தான் கேக்கும் பிள்ளை. அது இறங்கிற வழி அலைகரைக்கு அங்கால. அந்தப் பனிச்சையடியில வைச்சுப் பார்” என்றார். பனிச்சையடியில் வைத்த மூன்றாம் இரவே கொப்பு முறிவு பதிந்திருந்தது. முதலில் ஒரு சரசரப்பு, பிறகு ‘மளக்’ என்று ஒன்று, நீண்ட அமைதி, பிறகு மெல்லும் சத்தம். அதை எத்தனை தரம் கேட்டேன் என்று கணக்கில்லை.

அப்படியானால் காதே போதுமா? கூட்டத்தில் வயது போனவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களிடம் நியாயமும் இருக்கிறது. பெரியையாவோடு பரணில் இருந்த இரவு ஒன்றைச் சொல்கிறேன். தை மாதம், கதிர் பழுத்து நிற்கிறது. காட்டோரத்தில் ஆட்காட்டிக் குருவி கத்தத் தொடங்கியது. நான் ரோச்சை எடுத்தேன். கையைப் பிடித்தார். “அது ஆளுக்குக் கத்திறேல்லை. ஆளெண்டா ஒரு இடத்தில நிண்டு விட்டு விட்டுக் கத்தும். இது மேலால சுத்திச் சுத்திக் கத்துது. கீழ என்னவோ நடக்குது, அதோட சேந்து இதுவும் வருது.” பிறகு, “தவளை நிண்டிட்டுது, கவனிச்சனியே?” என்றார். நான் கவனிக்கவில்லை. ஒரு சத்தம் நின்றுபோனதைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. கால் மணித்தியாலத்தில் இரண்டு பெரிய உருவங்கள் ஓரமாகப் போயின, வயலுக்குள் இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் இரவில் யானை என்று சொல்ல மாட்டார்கள். ‘பெரியவர்’ என்பார்கள். பெரியவர் நிற்கிறார் என்பது காதால் அல்ல, நெஞ்சால் தெரியும் என்று பெரியையா சொல்வார். நான் அதைப் பேச்சாகத்தான் எடுத்தேன், கேற்றி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றி வாசிக்கும் வரை. 1984இல் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோது காற்றில் ஒரு அதிர்வை உடம்பில் உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பெரிய ஓர்கனுக்குப் பக்கத்தில் நின்றபோது உணர்ந்தது போல. பதிவு செய்து பார்த்தால், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன. ஆசிய யானையின் அந்த உறுமலின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு 14 முதல் 24 வரை. எங்கள் காது ஏறத்தாழ 20க்கு மேலேதான் கேட்கத் தொடங்கும். சின்னப் பெட்டிகளின் மைக்குக்கும் அந்தத் தாழ்ந்த ஒலி நன்றாகப் பிடிபடாது, மேலே எழும் துணை அதிர்வுகள்தான் பதியும். ஆகவே யானைக்காக ஆறு பெட்டி வாங்குகிறோம் என்று யாராவது சொன்னால், உறுமலை நம்பி வாங்காதீர்கள், கொப்பு முறிவையும் பிளிறலையும் நம்பி வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

காதின் பெருமைக்கு இந்த நாட்டிலேயே இன்னொரு சாட்சி உண்டு. தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் 1995இல் கித்துல்கலக் காட்டில், தனக்குத் தெரிந்த எதிலும் சேராத ஒரு கூவலைக் கேட்டார். அந்த ஆந்தையைக் கண்ணால் பார்க்க 2001 ஆயிற்று. 2004இல் அது புதிய இனமென்று அறிவியல் பேர் பெற்றது. மற்ற எல்லாக் குரலும் மனப்பாடமாக இருந்தபடியால்தான் ‘இது வேறு’ என்று அந்தக் காதுக்குப் பட்டது. பழக்கப்பட்ட பட்டியலுக்குள் மட்டும் தேடுகிற மென்பொருளுக்கு அந்த ஆந்தை ஏதாவது ஒரு பழைய ஆந்தையாகத்தான் இருந்திருக்கும்.

இவ்வளவு சொல்லியும் காதை மட்டும் நம்பச் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் வன்னியின் கதைதான். பெரியையாவுக்கு இடது காது கேட்காது. 2009 போரில் ஷெல் விழுந்த சத்தத்தோடு போனது. ஒரு காதால் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தத் திசையில் என்று பிடிபடாது. தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித்தான் திசை பிடிப்பார். பரணில் அவர் அப்படித் திருப்பும்போதெல்லாம் எனக்கு மனம் ஒரு மாதிரி இருக்கும். அவரைப் போல எத்தனையோ பேர்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. ஊர் முழுக்க எழும்பிப் போய், மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து, திரும்பி வந்து குடிசை போடும் வரைக்கும் இந்தக் காட்டை யாரும் கேட்கவில்லை. மெனிக் பாம் மூடியது 2012 செப்ரெம்பரில். ஆள் இல்லாத வயல் பற்றையாகி, பற்றை காடாகி, யானைக்கு வழி மாறிவிட்டது. பெரியையா சொல்லும் பழைய வழிகளில் பாதி இன்றைக்கு இல்லை. அவரே ஒத்துக்கொள்கிறார். பத்து வயதில் தகப்பனோடு காட்டுக்குப் போய்ப் பழகியிருக்க வேண்டிய பிள்ளைகள் அந்த வயதில் முகாமில் கம்பிவேலிக்குப் பின்னால் இருந்தார்கள். அந்தத் தலைமுறை நான். எனக்குத் தவளை நின்றது கேட்காததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே எங்களுக்குத் தேவை, பெரியையா போன்றவர்கள் இருக்கும்போதே அவர்கள் கேட்பதை நாங்களும் கேட்கப் பழகுவது. மூன்றாவது வழிக்கு நான் கை தூக்குவது அதற்காகத்தான். கணினி அதில் உதவியாள்.

கணக்கைப் பாருங்கள். ஆறு பெட்டி, இரவுக்கு 12 மணித்தியாலம், காலபோகத்தில் 120 இரவு. மொத்தம் 8640 மணித்தியாலப் பதிவு. ஒரு ஆள் நாளுக்கு எட்டு மணித்தியாலம் கேட்டால் 1080 நாள், அதாவது மூன்று வருடம். மென்பொருள் இல்லாமல் அந்தப் பதிவு பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும். அதே நேரம் அந்த மென்பொருள் சந்தேகப்பட்ட இடங்களில் 200 துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், துண்டுக்கு 3 விநாடிப்படி பத்து நிமிடப் பதிவு. திண்ணையில் இருந்து ஹெட்போன் போட்டு ஒரு பின்னேரத்தில் பெரியையா கேட்டு முடிப்பார். “இது அதுதான்”, “இது காத்து”, “இது மந்தி கொப்பில பாயிறது”. அவர் சொல்வதைப் பக்கத்தில் இருந்து எழுதினால் அதுதான் கணினிக்குப் பாடம். பேர்ட்நெட்டின் மேலேயே எங்கள் சொந்த ஒலி வகைகளைப் பழக்கிச் சேர்க்க வழி இருக்கிறது. ஏற்கெனவே லட்சக்கணக்கான ஒலிகளைக் கேட்டுப் பழகியதால், புதிய வகை ஒன்றுக்குச் சில நூறு நல்ல மாதிரிகளோடு தொடங்கலாம். முதல் முறை பிழை விடும். அந்தப் பிழைகளைத் திரும்பவும் அவரிடம் கொண்டுபோய்த் திருத்தி, திரும்பப் பழக்க வேண்டும்.

இதிலும் இரண்டு விதம் இருக்கிறது, கூட்டத்தில் இந்த வித்தியாசம் கவனிக்கப்படாமல் போய்விடக் கூடாது. ஒரு விதத்தில் வெளியிலிருந்து வருகிறவர்கள் தங்களுடைய இனப் பட்டியலைக் கொண்டு வந்து, எங்கள் ஆட்களை ‘ஆம், இல்லை’ சொல்ல மட்டும் வைப்பார்கள். மற்ற விதத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதையே ஊர் சொல்லும். பெரியையாவிடம் பட்டியல் கேட்டபோது அவர் விலங்கின் பேரைச் சொல்லவே இல்லை. ‘ஆட்காட்டி சுத்திக் கத்திறது’, ‘தவளை திடீரெண்டு நிக்கிறது’, ‘மான் ஒருக்காக் கத்தி நிப்பாட்டிறது, விடாமக் கத்திறது’ என்றுதான் சொன்னார். அவருக்கு ஒவ்வொரு சத்தமும் ஒரு செய்தி. இந்தப் பட்டியலை வைத்துப் பழக்கினால் கணினி வேறு மாதிரியான கேள்விக்குப் பதில் சொல்லும். தவளை நின்ற நேரங்களை ஒரு மாரி முழுவதும் எண்ணிப் பார்க்கலாம். அந்த நேரங்களில் எத்தனை தரம் யானை வந்தது என்று ஒத்துப் பார்க்கலாம். பெரியையா சரியா என்பதும் தெரியும். அதற்கு அவர் பயப்படவில்லை, “பாப்பம்” என்றார்.

உலகத்தில் இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலின் தெம்பே மக்கள் தங்கள் காட்டில் பழைய கைத்தொலைபேசிகளை மரத்தில் கட்டி, மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, தாங்களே போய்த் தடுத்தார்கள். அவுஸ்திரேலியாவின் ககாடுவில் பினின்ஜ் மக்கள், ஈரநிலத்தை மூடும் புல்லையும் திரும்பி வரும் வாத்துகளையும் ட்ரோன் படங்களில் கணினியைக் கொண்டு எண்ண வைத்தார்கள். அங்கே சத்தத்துக்குப் பதில் படம். எதைப் பார்க்க வேண்டும், எது நல்ல நிலம் என்பதை முடிவு செய்தவர்கள் நிலத்துக்குரியவர்கள். எனக்கு அந்த ஒழுங்குதான் முக்கியமாகப் படுகிறது.

பழக்கிய பிறகும் ஒரு தீர்மானம் மனிதரிடம்தான் இருக்கும். எவ்வளவு மதிப்பெண் வந்தால் நம்புவது? அந்த மதிப்பெண் வரம்பை உயர்த்தினால் பொய் எச்சரிக்கை குறையும், உண்மையான யானை சில தவறிப்போகும். தாழ்த்தினால் தவறுவது குறையும், ஆனால் காற்றுக்கும் எழும்ப வேண்டி வரும். மான் எத்தனை இருக்கிறது என்று வருடக் கணக்குப் பார்க்க உயர்ந்த வரம்பு நல்லது. வீட்டோரத்து யானைக்குத் தாழ்ந்த வரம்பு. இதை வெளியார் யாரும் எங்களுக்காக முடிவு செய்ய முடியாது.

உடனடி எச்சரிக்கையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மெமரி கார்ட்டில் பதியும் பெட்டி அந்த இரவில் யாரையும் எழுப்பாது. எழுப்புகிற கருவிக்கு அலைவரிசையும் மின்சாரமும் வேண்டும், எங்கள் காட்டோரத்தில் போன் சிக்னல் மரத்துக்கு மரம் மாறும். ஆகவே இந்தப் போகத்தில் வயலைக் காப்பது பரணும் போகத்துக்குப் போடுகிற மின்வேலியும்தான். பெட்டியை வாங்கிவிட்டு ஆட்களைப் பரணிலிருந்து இறக்க நினைத்தால் நான் எதிர்ப்பேன்.

இனி, கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். சில வருடங்களுக்கு முன் வெளியிலிருந்து ஒரு குழு வந்து, ஊரில் யாரிடமும் சொல்லாமல் காட்டு மரங்களில் இப்படிப் பெட்டிகளைக் கட்டிவிட்டுப் போனது. விறகுக்குப் போன ஒரு அம்மா இடுப்பளவு உயரத்தில், மரத்தோடு இறுக்கிக் கட்டியிருந்த பச்சைப் பெட்டியைக் கண்டார். எங்களுக்கு மரத்தில் கட்டிய பெட்டி என்றால் கிளைமோர்க் கண்ணிவெடிதான். விறகைப் போட்டுவிட்டு, வந்த அடித்தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார். ஊர் இரண்டு நாள் காட்டுக்குப் போகவில்லை. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மாவட்டம் இது. அந்தக் குழுவுக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்று நம்புகிறேன். ஆனால் கேட்டிருந்தால் ஒரு சிறுபிள்ளையும் சொல்லியிருக்கும்.

பெட்டி மனிதர் பேசுவதையும் பதியும். வன்னியில் ஒளிந்திருந்து கேட்கிற பொருள் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. காட்டை நன்றாகத் தெரிந்தவர்களில் சிலர் ஒரு காலத்தில் வேட்டைக்குப் போனவர்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள். போருக்குப் பிறகு ஊர்க்காணிகளுக்குக் காட்டு எல்லைக்கல் வந்ததும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பதிவு நாளைக்கு ‘இங்கே யானை இருக்கிறது, ஆகவே வயல் கூடாது’ என்பதற்குச் சான்றாக வந்து நின்றால்? எங்கே தேவாங்கு இருக்கிறது, எங்கே தேன்கூடு இருக்கிறது என்று கள்ளருக்கு வழி காட்டினால்? நியூசிலாந்தின் மாவோரி ஊடக அமைப்பான தே ஹிக்கு, தங்கள் மொழியின் ஒலிப்பதிவுகளை யாருக்கும் சும்மா கொடுக்காமல், காவற்பொறுப்பு என்று பொருள்படும் தங்கள் மரபுச் சொல்லின் பேரில் ஒரு அனுமதிப் பத்திரமே எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்கும் ஒரு பக்கத்தில், நல்ல தமிழில், அப்படி ஒன்று வேண்டும்.

ஆகவே கூட்டத்தில் நான் வைக்கப்போவது இது. ஆறு பெட்டி வேண்டாம், மூன்று போதும். மிச்சக் காசில் காடு தெரிந்த மூன்று பேருக்குக் கேட்கிற நாளுக்குக் கூலி, ஒரு பிள்ளைக்கு எழுதுகிற கூலி. வயலில் நாள் கூலி எவ்வளவோ அதே அளவு, ஒரு சதமும் குறையாமல். வனவிலங்குத் திணைக்களத்திடமும் வனத் திணைக்களத்திடமும் எழுத்தில் அனுமதி எடுத்த பிறகுதான் கட்டுவது. பெட்டிக்கு மஞ்சள் பெயின்ற், இது என்ன, யாருடையது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுத்து, ஆள் உயரத்துக்கு மேலே. கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்துவிட்டுத்தான் கட்டுவது. மனிதப் பேச்சு வரும் துண்டுகளைக் கேட்காமலே அழிப்பது, கணினிக்கு அதை முதற் பாடமாகப் பழக்கலாம். பதிவுகள் எங்கள் அமைப்பின் அலுமாரியில், சாவி இரண்டு பேரிடம். இடங்களின் பேர் வெளியே போகாது.

16 கிலோஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 16,000 தரம் ஒலியை அளக்கும்படி வைத்து, இரவு மட்டும் பதிந்தால் ஒரு 64 ஜிகாபைட் கார்ட் நாற்பது இரவுக்கு மேல் தாங்கும். பற்றரிதான் அதற்கு முன்னம் முடியும். அதை மாற்றப் போகும் நாளெல்லாம் ஒரு இளம் ஆள் ஒரு பெரியவரோடுதான் போக வேண்டும் என்பது என் கடைசி நிபந்தனை. தனியாகப் போனால் நேரம் மிச்சம் என்று செயலாளர் சொன்னார். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டேன். இப்போதைக்கு முப்பத்தொரு சத்தம். யானைக்குரிய வரிசையில் ‘பெரியவர்’ என்றே எழுதியிருக்கிறேன், பெரியையா அதைத்தான் எழுதச் சொன்னார். முதல் பெட்டிக்கு இடம் பனிச்சையடி. மற்ற இரண்டுக்கும் மரம் பார்க்க வருகிற ஞாயிறு காலை அவரோடு போகிறேன். வரக்கூடியவர்கள் குளக்கட்டில் ஆறு மணிக்கு நில்லுங்கள்.